பதினோராம் நம்பர் வீட்டுக்கு விட்ட வாட்டம்

எங்கள் சந்தில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளைப் பையனைப் பற்றி முதலில் விசாரிப்பது அவன் உயரத்தைத்தான். ஐந்தரை அடிக்கு மேல் என்றால் முகம் சுருங்கிவிடும். வேலை, குடி, குணமெல்லாம் அதற்குப் பிறகு. வாஷியிலிருந்து பெண் பார்க்க வந்த ஆறடிப் பையன் ஒருவன், பெரியவர்களுக்கு மரியாதையாகக் கும்பிடு போட எழுந்து, ஓடிக்கொண்டிருந்த ஃபேனுக்குள் கையைக் கொடுத்துவிட்டான். நிச்சயதார்த்தம் நடக்கவில்லை. நாலு தையல் நடந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் தாராவிக்குள் வந்து போகிறவர். எங்கள் வீடுகளில் கூரை இறங்குவதில்லை, தரைதான் ஏறுகிறது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் உள்ளே வரும். மழை விட்டதும் வீட்டுக்காரர் இடிசல் கல்லும் மண்ணும் கொட்டித் தரையை அரை அடி தூக்கிக்கொள்வார். பர்ணி போடுவது என்று இதற்குப் பெயர். அவர் வீட்டில் நுழைய முடியாத தண்ணீர் அடுத்த வருஷம் பக்கத்து வீட்டில் நுழையும். அவரும் பர்ணி போடுவார். இருபது வருஷமாக இந்தப் பந்தயம் நடக்கிறது. பந்தயத்தில் ஓடிய எல்லாருக்கும் தரை போட்டுக் கொடுத்த கொத்தனார் நான். பெயர் வேல்ராஜ், வயது ஐம்பத்திரண்டு, எட்டாம் நம்பர் வீடு. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். வேறு தகுதி இல்லாவிட்டாலும் இந்தச் சந்துக்கு வேண்டிய தகுதி இருக்கிறது.

பதினோராம் நம்பர் வீட்டுப் பிரேமலதா இந்த ஜூலையில் செத்துப்போனாள். நீங்கள் எழுதி மூடிய காகிதத்தில் காரணம் என்ற இடத்தில் மழை என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டும். இரண்டு தரம் நேரில் வந்து சொன்னேன். முதல் தரம், பாவம் துக்கத்தில் பேசுகிறான் என்று எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னீர்கள். இரண்டாம் தரம் சிரித்தீர்கள். "அரே சாச்சா, பாரிஷ் நே மாரா உஸ்கோ. தும் கர் ஜாவ்." மழைதான் கொன்றது, நீ வீட்டுக்குப் போ. தப்பு உங்கள் பேரில் இல்லை. என் முகம் அப்படி. நான் அழுதால்கூட எதிரில் இருப்பவர் எதற்கும் ஒரு சிரிப்பைத் தயாராக வைத்துக்கொள்வார். என் ஹிந்தியும் சிமெண்டு வாங்கவும் சண்டை போடவும்தான் உதவும். அதனால் எட்டாவது வரை படித்த தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். மாட்டுங்காவில் தமிழ் படிக்கத் தெரிந்த யாராவது கிடைப்பார்கள். படித்துச் சொல்கிறவர் என் கேலியை விட்டுவிட்டுச் சொல்லலாம். அளவுகளை விடக் கூடாது.

எங்கள் சந்தில் பதினெட்டு வீடுகள். பதினாறு வீட்டுத் தரையை நான் தூக்கியிருக்கிறேன். தூக்காதவை இரண்டு. ஒன்று பிரேமலதாவுடையது, ஒன்று என்னுடையது. இரண்டு வீட்டுக்கும் மேலே வேறு ஆட்களின் மாடி. கூரையைத் தூக்க வழியில்லை. தரையை மட்டும் தூக்கினால் குனிந்து வாழ வேண்டும். எனக்குக் குனிவதில் சிரமம் ஒன்றுமில்லை, அதுதான் தொழிலே. ஆனால் என் மனைவி மாரிசெல்வி என்னைவிட நாலு விரல் உயரம். கல்யாணப் போட்டோவில் நான் செங்கல் மேல் நிற்கிறேன். பர்ணி போடட்டுமா என்று ஒவ்வொரு மே மாதமும் கேட்பேன்.

"வருஷத்துல நாலு நாளு வார தண்ணிக்குப் பயந்து மிச்ச நாளெல்லாம் கூனிக்கிட்டே சோறாக்கச் சொல்லுதீகளா? போங்க, போயி அடுத்தவன் வீட்ட ஒசத்துங்க," என்பாள்.

நான் போய் அடுத்தவன் வீட்டை உயர்த்தினேன். அங்கே ஏறாத தண்ணீரெல்லாம் எங்கள் வீட்டில் இறங்கியது. பன்னிரண்டு வருஷம். முழங்கால் வரை வரும், ஒருநாள் கிடக்கும், போகும். நம்பிராஜன் அண்ணாச்சி, அவர்தான் எங்கள் சந்துச் சங்கத்தின் தலைவர், தன் வாசல்படியில் காய்ந்த காலோடு நின்றுகொண்டு, "ஏலே வேலு, உன் வீட்டு ஸ்விம்மிங் பூலுக்கு டிக்கெட் போட்டிரலாமாலே?" என்று கத்துவார். சந்தே சிரிக்கும். எல்லாரையும்விட நான் சத்தமாகச் சிரிப்பேன். முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் வலி பாதி என்று ஒரு நம்பிக்கை.

இதில் இன்னொரு வழக்கமும் வளர்ந்துவிட்டது. இதை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். சந்தின் பதினெட்டு கரண்டு மீட்டரும் என் வீட்டுச் சுவரோடு ஒட்டிய ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. மெயின் சுவிட்சும் அங்கேதான். தண்ணீர் முதலில் என் வீட்டுக்குள் வரும், நான் மெயினை இறக்குவேன், "தண்ணி வந்துட்டு" என்று ஒரு குரல் கொடுப்பேன். அதன் பிறகுதான் மற்றவர்கள் பாத்திரத்தையும் பாயையும் பரணில் ஏற்றுவார்கள். ஃபோனில் சிவப்பு எச்சரிக்கை வரும், டிவியில் ஓடும், வார்டு ஆபீஸ் வண்டி மெகாபோனில் சொல்லிக்கொண்டு போகும். எங்கள் ஆட்கள் எதையும் நம்ப மாட்டார்கள். "வேலு கால் நனைஞ்சிட்டா?" என்றுதான் கேட்பார்கள். நகரத்துக்கு வானிலை ஆபீஸ், எங்கள் சந்துக்கு என் கால்.

போன ஆகஸ்டில் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. கட்டர்த் தண்ணீர், அதாவது சாக்கடை, எலி மிதந்த தண்ணீர். மாரிசெல்விக்கு நாலாம் நாள் காய்ச்சல் வந்தது, ஒன்பதாம் நாள் கண் மஞ்சளானது. ஆட்டோ வராத சந்தில் அவளை வெளியே கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு மறுபடியும் தொடையளவு தண்ணீர். அவரவர் படியில் நின்று அவரவருக்குத் தெரிந்த ஆஸ்பத்திரியைச் சொன்னார்கள். நம்பிராஜன் அண்ணாச்சி ரெண்டு செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு யோசனை சொன்னார். தண்ணீருக்குள் இறங்கியவள் பிரேமலதா ஒருத்திதான். அவளும் நானும் மாரிசெல்வியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். மூன்றாம் நாள் மாரிசெல்வி செத்துப்போனாள். லெப்டோ, எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர். மழைக் காய்ச்சல் என்றார்கள் சந்தில். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. பதினாறு வீட்டில் நான் தூக்கிய பதினாறு தரை. ஆனால் அதை எந்தப் படிவத்தில் எழுதுவது.

அதற்குப் பிறகும் என் தரையை நான் தூக்கவில்லை. இனி யாருக்காகத் தூக்குவது.

இந்த மார்ச்சில் ஸ்மிதா மேடம் வந்தாள். வெள்ளத்தைச் சமாளிக்கக் குடிசைப் பகுதிகளைத் தயார்ப்படுத்துகிற ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண். இருபத்தாறு வயதிருக்கும். நல்ல பெண், அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி அளவெடுத்தாள். ரெசிலியன்ஸ் என்று ஒரு வார்த்தை சொன்னாள். "அதாவது, விழுந்தாலும் எந்திரிக்கிறது," என்று நம்பிராஜன் அண்ணாச்சி தமிழில் சொன்னார். நாங்கள் விழுவதை யாராவது நிறுத்துவார்களா என்று கேட்க நினைத்தேன். நான் கேட்டால் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அவள் சொன்னது இதுதான். வெளியே மெயின் ரோட்டுக்கு கான்கிரீட் போட்டபோது ஒன்றரை அடி தூக்கிவிட்டார்கள். இப்போது எங்கள் சந்து ஒரு தொட்டி. பம்ப் வரும்வரை தண்ணீர் வெளியே போகாது. பம்ப் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தண்ணீரைத் துரத்துவதை விட்டுவிட்டுப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். சந்தைப் புதிதாகப் போடும்போது எட்டாம் நம்பர், பதினோராம் நம்பர் இரண்டு பள்ளத்து வீட்டு வாசலையும் ஒன்றரை அடி உயர்த்தி, அங்கிருந்து தண்ணீர் விலகிப் போகிற மாதிரி வாட்டம் கொடுக்க வேண்டும். மற்ற பதினாறு வீடும் ஆளுக்கு நாலு விரல் தண்ணீரை ஏற்றுக்கொள்ள வேண்டும். நாலு விரல் தண்ணீரில் பாய்தான் நனையும். ஆள் சாக மாட்டார்.

சங்க ரூமில் கூட்டம். நம்பிராஜன் அண்ணாச்சி எழுந்தார். "மாரிசெல்விக்கு நடந்தது இனிமே இந்தச் சந்துல எந்தப் பிள்ளைக்கும் நடக்கப்படாது. நாலு விரல் என்ன, நாலு சாண் வந்தாலும் நான் தாங்கிக்கிடுதேன்," என்றார். கண் கலங்கியது. உண்மையான கண்ணீர்தான், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எல்லாரும் கை தூக்கினார்கள். வேலை எனக்கு. எனக்கும் அழுகை வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தரமாக யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு நம்பிராஜன் அண்ணாச்சி அரை டம்ளர் கட்டிங் சாயோடு என் வாசலில் நின்றார்.

"வேலு, என் வாசல்ல மட்டும் அந்த நாலு விரல கூட்டிப் போட்டிருடே. மருமவ மாசமா இருக்கா பாரு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

நான் சரி என்றேன். ஒருத்தருக்கு நாலு விரல் கூடினால் என்ன.

எட்டு மணிக்கு அபுதாஹிர் பாய் வந்தார். வீட்டிலேயே தோல் பர்ஸ் தைக்கிறவர். "மேஸ்திரி, தோலு தண்ணி பட்டா நாறிரும், ஒங்களுக்குத் தெரியாததா. நான் ஒருத்தன் தப்பிச்சா சந்து ஒண்ணும் முங்கிராது," என்றார். மத்தியானம் மீனாட்சியம்மாள் தூக்குச்சட்டி நிறைய வெஞ்சனம் கொண்டுவந்தாள், கூடவே முட்டுவலி. சாயங்காலம் ராஜபாண்டி. அவன் கதை கொஞ்சம் நீளம், புது ஃப்ரிட்ஜில் தொடங்கி என் தொழில் திறமையில் முடிந்தது. அந்த வாரம் முழுக்க வந்தார்கள். பஜியா வந்தது, பிரியாணி வந்தது, ஒரு வீட்டிலிருந்து பாயசம்கூட வந்தது. எனக்குக் கண்ணில் தெரிகிற அளவுக்குத் தொப்பை போட்டது. பதினாறு வீடு, பதினாறு பேர். எல்லாரும் ஒரே வார்த்தையில் முடித்தார்கள். யாருக்கும் தெரிய வேண்டாம்.

நான் கோபப்படுகிற ஆள் இல்லை, ஐயா. கேட்டுப் பாருங்கள், சந்தில் யாரும் நான் கோபப்பட்டுப் பார்த்ததில்லை. அந்த வாரமும் பார்க்கவில்லை. சாயைக் குடித்தேன், சரி என்றேன், ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் வீட்டு நம்பரையும் விரலையும் குறித்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் பிரேமலதா வந்தாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தோரு வயது. புருஷன் கல்யாணில் இன்னொருத்தியோடு இருக்கிறான். சட்டைக் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டை வரும். தையலில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை வெட்டிக் கொடுக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து நாள் முழுக்க வெட்டுவாள். உட்கார்ந்தபடியே விளக்குக்கும் டேபிள் ஃபேனுக்கும் கை எட்ட வேண்டும் என்று சுவிட்சுப் பலகையை இரண்டரை அடி உயரத்தில் வைக்கச் சொன்னாள். சுவரை வெட்டிப் பலகையைப் பொருத்தியவன் நான்தான்.

அவளும் கையில் ஒரு டம்ளரோடு வந்தாள். நான் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். நீயுமா என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அவளும் கேட்டுவிட்டால் எல்லாரும் ஒன்று. பிறகு யாரையும் நினைத்து வருத்தப்பட வேண்டியதில்லை.

"அண்ணே, கட்டரு மூடிய என் வாசப் பக்கமே வையுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"அடைச்சிக்கிட்டா ஆரு கைய விடுவா? அவனவன் அடுத்தவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிப்பான். நான் வீட்டுலதான கெடக்கேன், நானே தொறந்து தள்ளி விட்டுக்கிடுதேன்."

"ஏன் பிரேமா, உனக்கு வேற வேலையே இல்லையா?"

"மதினியத் தூக்கிட்டுப் போன அன்னைக்கும் அதுதான் அடைச்சிக் கெடந்தது," என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அட்டையில் பதினொன்று என்று எழுதி, எதிரில் எழுத ஒன்றும் இல்லாமல் விட்டுவிட்டேன்.

கொத்தனாருக்கு எல்லாம் அளவுதான். பதினாறு பேர் வேண்டாம் என்ற நாலு விரல், அறுபத்து நாலு விரல். நாலு அடி. தண்ணீர் காணாமல் போகாது. எங்கேயாவது போக வேண்டும், போக இடம் இரண்டுதான். என் வீடு, அவள் வீடு. சரிபாதியாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு அடி. இரண்டு அடியில் சட்டை நனையும், இரண்டரை அடியில் இருக்கிற சுவிட்சுப் பலகை நனையாது. நாலு அடியும் ஒரே வீட்டுக்குப் போனால் பலகை முங்கும். இதை நான் பார்க்காமல் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். என் பங்கைப் பன்னிரண்டு வருஷம் நான் வாங்கிவிட்டேன் என்று தோன்றியது. ஒரு மனைவியும் கொடுத்தாகிவிட்டது. இதற்கு மேல் எட்டாம் நம்பரால் முடியாது.

என் வாசலில் திட்டப்படி ஒன்றரை அடி படி கட்டினேன். அவள் வாசலில் அரை அடியில் நிறுத்தினேன். பதினாறு வாசலுக்கும் கேட்ட விரலைக் கொடுத்தேன், ஒன்றுகூடக் குறைக்கவில்லை. மீதி வாட்டத்தையெல்லாம் இரண்டு பக்கத்திலிருந்தும் பதினோராம் நம்பருக்கு விட்டேன். அவளே கேட்ட கட்டர் மூடியும் அங்கேதான் இருந்தது, பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் மூடிக்குப் போகிறது என்று தோன்றும். அறுபதடிச் சந்தில் இந்த வாட்டம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். ஸ்மிதா மேடம் டேப் வைத்து அகலம் அளந்தாள், எட்டாம் நம்பர் படியைத் தட்டிப் பார்த்தாள். பதினொன்றுக்குப் போவதற்குள் ஃபோன் வந்தது. "அங்கிள், லெவல் டீக் ஹை நா?" என்றாள், மட்டம் சரிதானே என்று. "ஒரு நூல் பிசகாது, மேடம்," என்றேன். பொய் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு லெவல் எடுத்ததில்லை.

ஜூலையில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே ஊற்றியது. மத்தியானம் இரண்டே முக்காலுக்குக் கடல் ஏற்றம். ரயில் நின்றது. ஆண்கள் பாதிப்பேர் தாதரிலும் குர்லாவிலும் மாட்டிக்கொண்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் டிவி பார்த்துக்கொண்டு, வழக்கம்போல் என் குரலுக்காகக் காத்திருந்தார்கள். மீனாட்சியம்மாள் மேலிருந்து எட்டிப் பார்த்து, "வேலு, கால் நனைஞ்சிட்டாய்யா?" என்று கேட்டாள். "இல்ல ஆச்சி, காஞ்சி கெடக்கு," என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். என் வீடு காய்ந்திருந்தால் சந்தில் வெள்ளம் இல்லை என்று அர்த்தம். யாரும் பரணில் ஒன்றும் ஏற்றவில்லை. யாரும் ஒன்றையும் அணைக்கவில்லை.

என் புதுப் படியில் உட்கார்ந்து சாய் குடித்தேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடியது. சந்தில் தண்ணீர் ஒரே சீராக, ஒரு சத்தமில்லாமல், வரிசையில் போகிற பள்ளிப் பிள்ளைகள்போல் பதினோராம் நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் வாசல் எனக்கு நாலு எட்டுத் தூரம். முதலில் கட்டர் மூடியைத் திறந்து கம்பியால் குத்தினாள். போக வழியில்லாத தண்ணீரை எங்கே தள்ளுவது. பிறகு உள்ளே போய்ச் சட்டை மூட்டைகளைப் பரணுக்குத் தூக்க ஆரம்பித்தாள். ஒருமுறை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். சிரித்தாள்.

"என்னண்ணே, இந்த வருசம் ஒங்க வீட்டுக்கு லீவா?"

"ஆமா பிரேமா, இந்த வருசம் உனக்கு டூட்டி," என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் மறுபடி உள்ளே போனாள். இன்னும் நாலைந்து மூட்டை இருந்தது.

நான் சொன்னது நகைச்சுவை. நல்ல நகைச்சுவை என்றுகூட அப்போது நினைத்தேன்.

மெயின் சுவிட்சுப் பெட்டி என் வலது தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையைத் தூக்கினால் போதும், எழுந்திருக்கக்கூட வேண்டாம். பன்னிரண்டு வருஷம் இறக்கிய சுவிட்ச், இருட்டிலும் கை தானாகப் போகும். உங்களிடம் முதல் தரம் வந்தபோது மறந்துவிட்டேன் என்று சொன்னேன். இரண்டாம் தரம், கால் நனையாததால் பழக்கம் விட்டுப்போயிற்று என்றேன். இப்போது சொல்கிறேன். பெட்டியைத் திறந்தேன். கை சுவிட்சின் மேல் இருந்தது. இறக்கினால் என் ஃபேன் நிற்கும். இறக்கினால் "தண்ணி வந்துட்டு" என்று குரல் கொடுக்க வேண்டும், பதினாறு வீட்டுக்காரர்களும் தங்கள் ஃப்ரிட்ஜையும் தோலையும் பத்திரமாகத் தூக்கி வைப்பார்கள், ராத்திரி படியில் நின்று சிரிப்பார்கள். இந்த ஒரு வருஷம் மட்டும் நான் அவர்களைப் போல உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும் என்று இருந்தது. சாய் ஆறுவதற்குள் கையை எடுத்துக்கொண்டேன். பெட்டியையும் சாத்தினேன், சாரல் உள்ளே அடிக்கக் கூடாது பாருங்கள்.

பதினோராம் நம்பரில் விளக்கு ஒருமுறை மங்கி மறுபடி எரிந்தது. மூன்று மணி பத்து நிமிஷம். சத்தம் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு சட்டை வாசல் வழியாக மிதந்து வந்தது, பிறகு இன்னொன்று. வெள்ளைச் சட்டைகள், நூல் வெட்டினதும் வெட்டாததும். அபுதாஹிர் பாயின் மனைவி நூர் நிஷாதான் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "பிரேமா, சட்டை போகுது பிள்ள," என்று கூப்பிட்டாள். நாலு தரம் கூப்பிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து அலறினாள். அப்போது மெயினை இறக்கினேன். அரை விநாடி வேலை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். டிவிக்காரர்கள் வந்தார்கள், மும்பையின் ஸ்பிரிட் என்று சொல்லி எங்கள் ஈரச் சுவரைக் காட்டினார்கள். நம்பிராஜன் அண்ணாச்சி கறுப்பு எழுத்தில் பேனர் வைத்தார். இயற்கைச் சீற்றத்துக்குப் பலியான எங்கள் சகோதரி. அடியில் பிரேமலதா படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக அவர் படம். ஐயா, இயற்கைக்கு எங்கள் சந்தின் பெயர்கூடத் தெரியாது. எந்த வீட்டில் பலகை தாழ்ந்திருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? பதினாறு பேரும் பிணத்துக்குப் பின்னால் நடந்தார்கள். ஒருவரும் தரையைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தான் வாங்கிய நாலு விரல் மட்டும்தான் தெரியும், மற்ற பதினைந்து பேரைத் தெரியாது. நாலு விரலில் யார் செத்தார்கள் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். கருமாதிச் சோறு நன்றாக இருந்தது என்று என்னிடமே இரண்டு பேர் சொன்னார்கள்.

அந்த அட்டையைக் கேட்பீர்கள். கொடுக்க மாட்டேன். கொடுத்தால் நீங்கள் குற்றத்தைப் பதினாறாகப் பிரித்து ஆளுக்கு நாலு விரல் வைத்துவிடுவீர்கள். அப்படிப் பிரித்தால் யாருக்கும் பாயைத் தவிர எதுவும் நனையாது. அது போக, சரி என்று சொன்னவன் நான். லெவல் எடுத்தவன் நான். கையை எடுத்தவன் நான். நம்பிக்கை இல்லையென்றால் முப்பதடிப் பிளாஸ்டிக் ட்யூபில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஒரு கான்ஸ்டபிளை அனுப்புங்கள். எந்தக் கொத்தனாரும் மட்டம் பிடித்துக் காட்டுவான். சந்தில் எந்த இடத்தில் வைத்தாலும் பதினோராம் நம்பரைக் காட்டும். சீக்கிரம் அனுப்ப வேண்டும். சங்கத்தில் அந்த வீட்டை மூடி, மேலே கான்கிரீட் போட்டுச் சமமாக்கிவிடலாம் என்று பேசுகிறார்கள். வேலையை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அவளுக்கும் எனக்கும் பகை என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பகையும் இல்லை. அந்தச் சந்தில் எனக்குக் கோபம் இல்லாத ஒரே ஆள் அவள்தான். அப்படியானால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாள். "அதுக்கென்னண்ணே, என் பக்கமே விடுங்க," என்றிருப்பாள். அவள் வாயால் அப்படிச் சொல்லிவிட்டால், பிறகு என்னால் அந்த வாட்டத்தை விட்டிருக்க முடியாது. அதனால்தான், ஐயா, நான் கேட்கவில்லை.